என் இடக் கன்னத்துக்கு வயது அதிகம்: சன்ஸ்கிரீனோடு பதினொரு மாதம்

முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர். சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு, "அண்ணே, வலப்பக்கம் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. இடப்பக்கம் மட்டும் தோலைப் பிடித்து இழுத்தால்தான் கத்தி ஓடுகிறது. கடைவாய்ப் பல் ஏதும் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். பல் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அன்று இரவு குளியலறைக் கண்ணாடியில் ஒரு கன்னத்தைக் கையால் மறைத்தும் மறு கன்னத்தை மறைத்தும் பார்த்தேன். வலக்கண் ஓரத்தில் மூன்று கோடுகள். இடக்கண் ஓரத்தில் எண்ணி மாளவில்லை. கன்ன எலும்பின் மேல் மங்கு வேறு, ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு இரண்டு இடத்தில். அண்ணனும் தம்பியும் ஒரே கழுத்தின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே தொழில், வயது ஐம்பத்தொன்று. ஓட்டுநர் இருக்கையில் கற்றுக்கொள்பவர் இருப்பார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் கிளட்ச்சையும் காவல் காப்பேன். தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் வடக்கே போய்த் திரும்புவதுதான் எங்கள் வழக்கமான பாதை. காலை வகுப்பு முடிந்து தெற்கே திரும்பி வரும்போது கிழக்கு என் இடப்பக்கம். மாலையில் வடக்கே போகும்போது மேற்கு என் இடப்பக்கம். போகிற திசையில் கற்றுக்கொள்பவரின் வலக்கன்னத்தில் வெயில் அடிக்கும், உண்மைதான். ஆனால் அவர் ஒரு மாதத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இருக்கையை விட்டு நகராதவன் நான்தான்.

கே.கே.நகர்ப் பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். இளம் வயதுப் பெண்மணி. முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, மேல்கையின் உட்பக்கத் தோலையும் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத் தோலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கச் சொன்னார். உட்பக்கம் வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கம் கருத்து, சொரசொரத்து, பழைய காலணித் தோல்போல் கிடந்தது. "இரண்டுக்கும் ஒரே வயதுதான். உட்பக்கம் காட்டுவது வயது. வெளிப்பக்கம் காட்டுவது வயதும் வெயிலும்" என்றார். எனக்கு மேலூர்ப் பக்கம் நாற்று நட்ட என் அம்மாவின் நினைவு வந்தது. முகமும் பின்கழுத்தும் வரி வரியாக இருக்கும். சேலைத் தலைப்பு எப்போதும் மூடியிருந்த தோள்பட்டை மட்டும் கடைசிவரை சுருக்கமே இல்லாமல் இருந்தது.

நான் ஒரு வாதத்தை எடுத்து வைத்தேன். ஐந்தாறு ஆண்டுகளாக வண்டியில் ஏசி ஓடுகிறது, கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருக்கிறேன், சூடே தெரியவில்லை, அப்புறம் எப்படி என்று. அவர் சொன்ன விளக்கம் கார்க்காரனான எனக்கு உடனே பிடிபட்டது. முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். அதனால்தான் அது உடைந்தாலும் சிலந்தி வலைபோல் விரிசல் விட்டு நிற்கிறது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. உடைந்தால் கற்கண்டாகக் கொட்டும். இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது என்னவென்றால், நடுவில் இருக்கும் அந்தத் தாள்தான் புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுவதும் தடுக்கிறது என்பது. வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை நமக்கு முக்கியம். யுவிபி தோலின் மேற்பரப்பைச் சுடுவது, சிவக்க வைப்பது. அதைச் சாதாரணக் கண்ணாடியே பெருமளவு நிறுத்திவிடும். யுவிஏ சுடாது. ஆனால் தோலின் அடி அடுக்கு வரை இறங்கும். அங்கே தோலை விறைப்பாகப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நாரைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். பக்கக் கண்ணாடி வழியாக இந்த யுவிஏ வருகிறது. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதோடு, யுவிபி நடுப்பகலில்தான் கடுமை. யுவிஏ காலையிலும் மாலையிலும் அவ்வளவாகக் குறைவதில்லை. இதமான காலை வெயில் என்று நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு போனதெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய, 69 வயது மனிதரின் முகம். அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் அவருக்கும் இடக்கன்னம்தான் தொங்கிச் சுருங்கியிருந்தது. வலக்கன்னம் அவருடைய மகனுடையது போல் இருந்தது. வெயிலைத் தடுக்கும் களிம்பான சன்ஸ்கிரீனுக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி பொருளைப் பற்றி. பிராண்டுப் பெயர் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் படிப்பவர் அதை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுவார். லேபிளில் என்ன பார்க்க வேண்டும், மதுரை வெயிலில் அது எப்படி நடந்துகொண்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மருந்துக்கடையில் முதல் தடங்கல். சீட்டைப் படித்த பையன், "இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது, பத்தே நாளில் முகம் வெளுத்துவிடும்" என்று வேறொரு களிம்பை எடுத்து வைத்தான். விலையும் கால்வாசிதான். என் முகம் வெளுக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? இரண்டு கன்னமும் ஒரே வயதில் இருந்தால் போதும் என்றுதான் வந்திருக்கிறேன். பெட்டியின் பின்புறத்தைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தொடாதீர்கள் என்று பதில் வந்தது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரியுமாம். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்தக் கடைக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. நான் வேறு கடைக்குப் போனேன்.

முதல் ட்யூப் ஜெல் வகை. 50 கிராம், 480 ரூபாய். எஸ்.பி.எஃப். 50, பி.ஏ. மூன்று பிளஸ். எஸ்.பி.எஃப். என்ற எண் பெரும்பாலும் சுடுகிற யுவிபியைப் பற்றியது. 30 என்றால் 97 விழுக்காடு தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு விழுக்காட்டுக்காக நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது அவரவர் விருப்பம். எனக்கு வேண்டியது யுவிஏ தடுப்பு. அதைச் சொல்வது பி.ஏ. என்ற எழுத்தும் அதன் பின்னால் வரும் பிளஸ் குறிகளும். இது ஜப்பானியர்கள் கொண்டுவந்த முறை, நான்கு பிளஸ்தான் உச்சம். பி.ஏ. என்றோ யுவிஏ தடுப்பு என்றோ எதுவுமே இல்லாத ட்யூப்பை எஸ்.பி.எஃப். நூறு என்று போட்டிருந்தாலும் என்னைப் போன்றவன் வாங்கக்கூடாது.

ஜெல்லைப் பூசியதும் தெரியாமல் மறைந்துவிடுகிறது. பிசுக்கு இல்லை, வாடையும் இல்லை. முதல் வாரம் மெச்சிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் வைகாசிப் புழுக்கத்தில், கோரிப்பாளையம் சிக்னலில், ஒரு பயிற்சிப் பெண் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவைப் பார்த்துப் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்ச்சை மிதித்தார். அதே நொடியில் நெற்றி வியர்வையோடு ஜெல்லும் இறங்கி என் இரண்டு கண்ணிலும் புகுந்தது. மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிச்சல். கண்ணை மூடிக்கொண்டேதான் என் பிரேக்கை மிதித்தேன். ஆட்டோவுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்திருக்கும் என்று அந்தப் பெண் பிறகு சொன்னார். என் தொழிலில் இருப்பவர், பஸ் ஓட்டுபவர், இருசக்கர வண்டியில் நாள் முழுவதும் அலைபவர் யாரும் இந்த வகையைப் புருவத்துக்கு மேல் பூச வேண்டாம். கன்னத்துக்கும் கழுத்துக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ட்யூப் மூன்று மாதம் வந்தது. சிக்கனமாக வைத்துக்கொண்டேன் என்று மறுமுறை போனபோது பெருமையாகச் சொன்னேன். மருத்துவர் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் நீங்கள் பூசவே இல்லை" என்றார். லேபிளில் இருக்கும் எண்ணைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுகிறார்கள். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்ந்தால் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். நானோ பட்டாணி அளவு எடுத்து, ஊருக்கே சந்தனம் பூசுவதுபோல் தடவிக்கொண்டிருந்தேன். அளவு குறைந்தால் எஸ்.பி.எஃப். 50 என்பது ஐம்பதாக வேலை செய்யாது. காலையில் ஒரு முறை, பிற்பகல் வகுப்புக்கு முன் முகம் கழுவி மறுபடி ஒரு முறை என்றால் 50 கிராம் ட்யூப் இருபது நாள்தான். மாதத்துக்கு ஒன்றரை ட்யூப், எழுநூறு ரூபாய்க்கு மேல். ஏழு லிட்டர் பெட்ரோல் காசு. இந்தக் கணக்கைப் பெட்டியின் மேல் ஒருவரும் அச்சிடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது. அப்படிப் பூசினால் என் சம்பாத்தியத்தில் பாதி கன்னத்துக்கே போய்விடும். திறந்த வெளியில் தொடர்ந்து நிற்கும் நாட்களில் மட்டும் அதைக் கடைப்பிடிக்கிறேன்.

இரண்டாவது ட்யூப் துத்தநாக ஆக்சைடு வகை. கண் எரியவே இல்லை, அதற்கு முழு மதிப்பெண். ஆனால் நம் நிறத்துக்கு அது ஒட்டாது. இரண்டு விரல் அளவு பூசிக்கொண்டு போன முதல் நாளே, "மாஸ்டர், கோவிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா?" என்று ஒரு கல்லூரிப் பையன் பவ்யமாகக் கேட்டான். நெற்றி முழுவதும் திருநீறு அள்ளிப் பூசியதுபோல் இருந்திருக்கிறது. இப்போது அதை நெற்றிக்கு மட்டும், தொப்பி மறைக்கும் இடத்தில் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவதுதான் என்னோடு தங்கிவிட்டது. நிறம் சேர்த்த களிம்பு, எஸ்.பி.எஃப். 50, பி.ஏ. நான்கு பிளஸ். முதலில் மனைவியின் ஒப்பனைப் பொருள் என்று நினைத்து வெட்கப்பட்டேன். அந்த நிறம் இரும்பு ஆக்சைடு. அழகுக்காக மட்டும் சேர்ப்பதில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும்; சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு ஓரளவு தடுக்கும். மங்கு இருப்பவர்கள் இந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். குறை இரண்டு. வெள்ளைச் சட்டைக் காலரில் செம்மண் கறை விழுகிறது. சோப்பில் இரண்டு முறை கசக்கினால்தான் போகிறது. இருப்பதோ இரண்டே நிறம், அதில் கருப்பானது என்று அவர்கள் போட்டிருப்பதே எனக்கு ஒரு படி வெளுப்பு. இந்தியாவில் விற்கும் பொருளுக்கு இது பெரிய குறை.

கைக்குக் களிம்பு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன், மருத்துவரும் ஒப்புக்கொண்டார். மாட்டுத்தாவணிப் பக்கம் நடைபாதைக் கடையில் கைக்கு மாட்டும் உறை ஒரு ஜோடி 120 ரூபாய். வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். துணியின் நெசவு நெருக்கம்தான் காப்பு. மெல்லிய துணி நனைந்தால் காப்பு இன்னும் குறையும். என் மனைவி ஸ்கூட்டரில் போகும்போது பழைய சுங்குடிச் சேலைத் துண்டை முகத்தில் கட்டிக்கொள்வார். சுங்குடி காற்றோட்டமானது, அதனாலேயே ஒற்றை மடிப்பு போதாது. இப்போது இரண்டாக மடித்துக் கட்டுகிறார். வகுப்புக்கு முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு வரும் பெண் பிள்ளைகளை முன்பெல்லாம் கேலி செய்வேன். அந்தக் கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கண்ணாடிக்குக் கருப்புப் படலம் ஒட்டிவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எல்.எல்.ஆர். வகுப்பில் விதி சொல்லிக்கொடுப்பவனிடம் சொல்கிற யோசனையா இது! முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். மேலே படலம் ஒட்டும் வேலையே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. ஒட்டிக்கொண்டு நடுரோட்டில் போலீஸாரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. உறிஞ்சி ஒட்டும் வலைத்திரை ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியை அது மறைத்தது. இரண்டாம் நாளே கழற்றிவிட்டேன்.

எட்டுப் போடப் பழக்கும் மைதானம் வேறு கதை, அங்கே நிழலே கிடையாது. சித்திரை பிறந்த சில நாட்களிலும் ஆவணி பத்து வாக்கிலும் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது. பகல் பன்னிரண்டே கால் தாண்டியதும் வரிசையாக வைத்த கூம்புகளின் நிழல் அவற்றின் அடிக்குள்ளேயே போய்விடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும்வரை வெயில் கடுமை என்பது எளிய அளவுகோல். இல்லத்தரசிகளுக்கான பத்தரை மணி வகுப்பை இதனால் ஒன்பதுக்கு நகர்த்தினேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். நட்டம்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பதினொரு மாதத்தில் மங்கு இரண்டும் பாதியாக வெளிறியிருக்கின்றன. தோலின் சொரசொரப்பு குறைந்திருக்கிறது. ஆழமான கோடுகள் அப்படியே இருக்கின்றன. சன்ஸ்கிரீன் பழைய சுருக்கத்தை அழிக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்து போவீர்கள். அதன் வேலை புதியது விழாமல் பார்த்துக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் நாலரை ஆண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. தினமும் பூசியவர்களுக்கு, விரும்பும்போது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவு. அவர்களும் என்னைப் போல் ஐம்பது தாண்டும்வரை காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இரவில் பூச, சுருக்கத்துக்கும் மங்குக்கும் கொடுக்கும் டிரெட்டினாயின் என்ற களிம்பும் மருத்துவர் கொடுத்திருக்கிறார். முதல் மூன்று வாரம் பாம்பு சட்டை உரிப்பதுபோல் முகம் உரிந்தது, பிறகு அடங்கியது. அது சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆகவே என் கன்னத்தில் தெரியும் மாற்றத்தில் எவ்வளவு சன்ஸ்கிரீனுக்கு, எவ்வளவு இரவுக் களிம்புக்கு என்று என்னால் பிரிக்க முடியாது.

மதிப்பெண்: மூன்றாவது ட்யூப்புக்கு ஐந்துக்கு மூன்றரை. கறைக்கு ஒன்றும் விலைக்கு அரையும் கழித்துவிட்டேன். நடைபாதைக் கைஉறைக்கு நாலரை. ஏழு மாதமாகத் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன், இன்னும் நைந்துபோகவில்லை.

பங்குனியில் ஒரு ட்யூப்பைக் காரின் முன்பெட்டியில் மறந்து வைத்துவிட்டு, பூட்டிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனேன். திறந்து பிதுக்கியபோது எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக வழிந்தது. சூட்டில் இது கெட்டுவிடும். பிரிந்துபோனதைக் குலுக்கிப் பூசினாலும் பயனில்லை. அன்றிலிருந்து ட்யூப் என் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் பயணம் செய்கிறது. மூடியை மட்டும் நன்றாகத் திருகி வைக்கிறேன்; ஒரு நாள் ஊறுகாய்ப் பொட்டலத்தில் கசிந்துவிட்டது.